சுறாப்புட்டு

"சுறாப்புட்டு தின்னாத்தான் பால் ஊறும். வாயத் தொற!"

"மாட்டேன் பெரியத்தை."

ரூபினியின் கைக்குழந்தையைப் பார்க்கப் பெண்டாங்கிலிருந்து வந்திருந்த சரோஜினிக்கு முகம் சிவந்தது. அவள் ரூபினியின் மாமனாருக்கு அக்கா; ரூபினிக்குப் பெரியத்தை. அந்தக் குடும்பத்தில் அவள் பேச்சை யாரும் தட்டியதில்லை.

கடல் தண்ணீரை மொண்டு வந்து, மீன்கள் அதில் விட்டுச்செல்லும் மரபணுவை வைத்து எந்தெந்த மீன் அங்கே வாழ்கிறது என்று கண்டுபிடிப்பது ரூபினியின் வேலை.

"கோலா கெடா கடல் தண்ணியில சுறா இருக்கிற அடையாளமே குறைஞ்சு போச்சு. மிச்சத்தையும் நான் திங்க மாட்டேன்."

"கடல்ல இல்லாதது தட்டுல எப்படி வந்துச்சாம்?"

"அதையும் பாத்துருவோம்லா. லேப்புக்கு அனுப்பினா என்ன சுறான்னு சொல்லிருவாங்க."

ரூபினி ஒரு சிட்டிகை புட்டை எடுத்துச் சின்ன டப்பாவில் போட்டாள்.

மாமியார் காளியம்மா பாய்ந்து வந்து டப்பாவைப் பிடுங்கினாள். "நான் சமைச்சதையா டெஸ்ட் பண்ணுவ?"

ரூபினிக்குக் கண் கலங்கியது. ஆனாலும் அவள் தட்டைத் தொடவில்லை.

சாயங்காலம் சரோஜினியின் கார் கிளம்பியதும் காளியம்மா கதவைச் சாத்திவிட்டு மருமகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தைரியமா சாப்பிடும்மா. அது சுறாவே இல்ல, குளத்துல வளர்க்குற பாத்தின்ங்கிற மீனு. தண்ணியில சுறா குறைஞ்சிருச்சுன்னு நீ ஒருநாள் சோறு திங்காம உட்கார்ந்திருந்தியே, அன்னையிலேருந்து நான் சுறா வாங்குறதே இல்ல."

"அப்புறம் ஏன் அத்தை டப்பாவைப் பிடுங்குனீங்க?"

"லேப்புல உண்மை தெரிஞ்சா, அண்ணி அவங்களே சுறா வாங்கிட்டு வந்து நிப்பாங்க. ஏமாந்தே இருக்கட்டும். நம்ம அடுப்புல இனிமே சுறா ஏறாது!"