நாலாவது ஓட்டு

"நாலு ஓட்டு எனக்கு உறுதியா இருந்துச்சு, வெர்னா! எண்ணிப் பார்த்துட்டுத்தான் அந்த ரூமுக்குள்ளேயே போனேன். வந்தது மூணு. யாரோ என்னைக் கவுத்துட்டாங்க!"

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நீதிபதி ரோய்ஸ் லிண்ட்க்விஸ்ட் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. மாநில உச்ச நீதிமன்றத்தில் பதினாறு வருஷமாகத் தீர்ப்புச் சொல்கிற தொண்டை. அக்கம்பக்கத்துக்காரர்கள் நாங்களும் அவர் வீட்டுப் பக்கத்து ஜன்னலைச் சாத்துவதில்லை.

அவர் மனைவி வெர்னா அடுப்பில் பான்கேக்கைத் திருப்பிப் போட்டாள். "கார்லாவுக்கு நாலு, உனக்கு மூணு. முடிஞ்சு மூணு நாளாச்சு. விடேன், ரோய்ஸ்."

எப்படி விடுவார்? ஏழு நீதிபதிகளும் கதவைச் சாத்திக்கொண்டு, சீட்டில் பேர் எழுதி, ஒரு பழைய காபி டப்பாவில் போட்டுத் தங்களுக்குள்ளேயே தலைமை நீதிபதியைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள். ரோய்ஸுக்கு ஜூனில் எழுபத்திரண்டு. சட்டப்படி அங்கியைக் கழற்றியாக வேண்டும். ஒரே ஒரு நாள் தலைமையில் உட்கார்ந்தாலும் போதும், மாடி வராந்தாவில் ஆளுயரத்துக்குப் படம் வரைந்து மாட்டிவிடுவார்கள். மற்றவர்களுக்கு ஒரு குரூப் போட்டோ, அதுவும் கழிப்பறைக்குப் போகிற வழியில்.

கார்லா மென்சர் அவரைவிட ஐந்து வருஷம் ஜூனியர். பன்றிப் பண்ணைக்காரர் மகள். பகலில் பள்ளிக்கூட பஸ் ஓட்டி, மாலையில் சட்டம் படித்து, மாவட்ட நீதிபதியாகி, அங்கிருந்து ஆளுநர் கண்ணில் பட்டு மேலே வந்தவள்.

"பேப்பர் பார்த்தியா? 'பஸ் ஓட்டிய கை, நீதியின் ஸ்டியரிங்கைப் பிடித்தது'ன்னு போட்டிருக்கான். நானும்தான் சோளக் காட்டுல வேலை செஞ்சேன். எவன் எழுதினான்?"

"ஒரே ஒரு கோடை லீவுல. அதுவும் உங்க மாமா காட்டுல. பாதி நாள் மரத்தடியில தூங்கினேன்னு நீயே சொல்லியிருக்கே."

"கோர்ட்டுக் கதவுக்குப் பக்கத்துல இருக்கற பார்க்கிங்கும் இனிமே அவளுக்குத்தான்."

"தெரியுமே. நேத்து அந்தப் பெயர்ப்பலகையைப் பார்க்கத்தானே பால் வாங்கறேன்னு காரை எடுத்தே? பால் வரலையே."

ரோய்ஸ் அதைக் காதில் வாங்கவில்லை. "எனக்குன்னு சொன்னவங்க மூணு பேர். கென்யன் என் பக்கத்துல உக்காந்து எழுதினான், எட்டிப் பார்த்தேன். மாயா ரூயிஸ் மடிக்கறதுக்கு முன்னாடி சீட்டைக் காட்டினா. அப்போ பாக்கி யாரு?"

பாக்கி ஹாலிஸ். முப்பது வருஷ நண்பர், பக்கத்து நாற்காலி நீதிபதி, ஒரே படகில் தூண்டில் போடுகிற ஆள். நேரம் பாருங்கள், அவரே பின்வாசல் வழியாக உள்ளே வந்தார், கையில் சுத்தம் செய்த ஏரி மீனோடு.

"வாப்பா, வா," என்றார் ரோய்ஸ். "கார்லா என்னடா தரேன்னா உனக்கு?"

"என்ன தரேன்னா?"

"நடிக்காதே. அவளுக்கு விழுந்த நாலாவது ஓட்டு உன்னோடது."

ஹாலிஸ் முதலில் சிரித்தார். ரோய்ஸின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "என் பேத்தி மேல சத்தியமா உன் பேரைத்தான்டா எழுதினேன். எழுத்துப் பிழை இல்லாம எழுதணுமேன்னு ரெண்டு தடவை சரிபார்த்தேன்."

"பொய்! எனக்குப் படம் மாட்டிடுவாங்களேன்னு உனக்கு வயித்தெரிச்சல்!"

வெர்னா, "ரோய்ஸ்!" என்று அதட்டினாள். ஆனால் வார்த்தை வாசல் தாண்டிவிட்டது.

"வயித்தெரிச்சல் யாருக்குன்னு இந்தத் தெருவுக்கே தெரியும்," என்றார் ஹாலிஸ். "இனிமே படகுக்கு வேற ஆள் பாரு." மீனை மேஜையில் வைத்தார். ஒரு நிமிஷம் யோசித்தார். திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கார் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. வெர்னா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். ஒரு தடவை எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

"ரோய்ஸ், ஹாலிஸ் பேத்தி மேல பொய்ச் சத்தியம் பண்ற ஆள் இல்லை. கென்யன், மாயா, ஹாலிஸ். மூணு பேரும் உனக்குத்தான் போட்டிருக்காங்க. அதோட உன் ஓட்டு சேர்ந்தா நாலு ஆகணுமே?"

"என் ஓட்டா?" ரோய்ஸ் நாற்காலியில் நிமிர்ந்தார். "போட்டியில நிக்கறவன் தன் பேரைத் தானே எழுதுவானா, அசிங்கமா? மரியாதைக்கு எதிராளி பேரை எழுதறதுதான் எங்க கோர்ட்டு வழக்கம். நான் கார்லா பேரை எழுதினேன். அவ என் பேரை எழுதியிருப்பா. அதையும் சேர்த்துத்தானே எனக்கு நாலு!"

வெர்னா போனை எடுத்தாள். "ஹாலிஸ், வண்டியைத் திருப்பு. ரோய்ஸைக் கவுத்த ஆள் இங்கேதான் என் எதிர்ல உக்காந்து பான்கேக் கேட்டுட்டு இருக்காரு."