இல்லாத பாறை

“திருத்தாத படத்தைக் காட்டுங்க சார்.”

அதை மட்டும் கேட்கவே கூடாதென்று கடலடி ஆய்வு வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். ஜெனோவா கேட்டுவிட்டாள். முக்குளிப்பு உடையிலிருந்து அலுவலகத் தரையெல்லாம் கடல்தண்ணீர் சொட்டியது.

கச்சான் எனும் மேல்காற்றில் கடல் கலங்கிக் கிடந்த நாள். கரையிலிருந்து நடந்தே இறங்கியவளுக்கு நீட்டிய கைகூடத் தெரியவில்லை. குத்துமதிப்பாகத்தான் படமெடுத்தாள். கேமரா கலங்கலைத் துடைத்துக் கொடுத்த படத்திலோ நீலத் தண்ணீரும் வெறும் கடற்புல்லும். அங்கே உயிர் எதுவும் இல்லையென்று அவள் கையெழுத்திட்டால் நாளைக்கே மணல் அள்ளும் கப்பல் வரும்.

“ஒரு பாறையில கையூனி நின்னேன். பாறையும் இல்ல, என் கையும் இல்ல. எங்க போச்சு?”

“அழுக்க எடுத்துட்டுத்தானம்மா தரும்? பட்டம் வாங்கின திமிரு,” என்றார் மேலாளர் தனசேகர்.

“எங்க வீட்லயே மொதப் பட்டம் சார். திமிரு இருக்கத்தான் செய்யும். காட்டுங்க.”

அவர் முணுமுணுத்தபடி பொத்தானை அழுத்தினார். திரை முழுக்கச் சேறு. அவள் கண்ணுக்குத் தப்பியதைக் கேமரா பார்த்திருந்தது. சேற்றுக்குள் வள்ளம் அளவுக்கு ஓர் உடல் அசையாமல் நின்றது. அதன் அக்குளில் வாய் வைத்துப் பால் குடிக்கும் ஒரு குட்டி. முதுகில், ஜெனோவாவின் கை.

கடற்பசு! கடைசியானது செத்து இருபது வருடம் ஆகிறதென்றுதான் அவள் கல்லூரியில் படித்திருந்தாள்.

தனசேகர்கூட எழுந்து நின்றுவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “உயிரோட இருக்கிறதுங்க பட்டியல்லயே இல்லாததும்மா. நாம பாக்கல. கையெழுத்தப் போட்டுட்டுப் போயிரு.”

ஜெனோவா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். அவ்வளவு பெரிய உயிர், பால் கொடுத்துக்கொண்டே அவளையும் தாங்கியிருக்கிறது.

கையெழுத்திடாத தாளை மேசையிலேயே விட்டுவிட்டு, கேமராவின் மெமரி கார்டை உருவிக்கொண்டு, ஈரக் காலோடு வெளியே நடந்தாள்.