மூடியில்லாத ஜாடி

மே மாத மதியம். பாலக்கரை வீட்டுக் கூடத்தில், மேஜைமேல் இருக்கும் கண்ணாடி ஜாடிக்குள் சிவப்பு மீன் ஒன்று மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரக் குடும்பம் கொடுத்துவிட்டுப் போன மூன்றில் மிஞ்சியது இது ஒன்றுதான். லூர்துராணி ஜாடியை மூடியிருந்த பலகையை எடுத்துச் சுவரோரம் சாய்க்கிறாள். "மூடியே வச்சா மூச்சு முட்டிச் செத்துடும்ங்க. ஓடிப்போய்க் கம்பி வலை வாங்கிட்டு வந்துடறேன். கண்ணசந்துடாதீங்க." பொன்மலை ரயில் பட்டறையில் இரவு முழுதும் வேலை பார்த்துவிட்டு வந்திருக்கும் அவள் கணவன் கிளமென்ட், நாற்காலியை மேஜையோடு ஒட்டிப் போட்டுக்கொள்கிறான். "நான் இருக்கேன்ல, நீ போயிட்டு வா." "போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

அவளுடைய செருப்புச் சத்தம் தெருமுனையில் தேய்ந்து மறைகிறது. ஓட்டிடுக்கு வழியே விழும் வெயில் ஜாடித் தண்ணீரில் பட்டு உத்தரத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது. கிளமென்ட் ஜாடிக்கு மேலே கையை விரித்துப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறான். எலிக்காக வளர்க்கும் சாம்பல் பூனை மேஜையை ஒட்டிய ஜன்னல் திட்டில் ஏறி உட்காருகிறது. "சூ!" என்கிறான். அது அசையவில்லை. மீனை அது பார்க்கவே இல்லை. அவன் கண்களையே பார்க்கிறது. அவன் இமைகள் தாழும்போது அதன் முன்கால் ஒன்று மேஜைமேல் இறங்குகிறது. இமைகள் திறந்தால் அந்தக் கால் அப்படியே நிற்கிறது. எங்கோ தூரத்தில் பாத்திரக்காரன் கூவிக்கொண்டு போகிறான். கிளமென்ட்டின் கை மெல்லச் சரிந்து மடியில் விழுகிறது. பூனையின் இரண்டாவது காலும் சத்தமில்லாமல் இறங்குகிறது.