பதினேழு படி

நாடக அரங்கின் வாசலில் சக்கர நாற்காலியை நிறுத்திவிட்டு, நான்கு நாள் முன்பு வேலைக்குச் சேர்ந்த நர்ஸ் படிகளை எண்ணினாள். பதினேழு.

"சார், அம்மா நாளைக்கு மகன்கிட்ட வெளிநாடு போறாங்க. இனி திரும்பி வர மாட்டாங்க. மேடையை ஒரு தடவை பாக்கணுமாம். லிப்ட் எங்க இருக்கு?"

மேனேஜர் அவளை விட்டுவிட்டு நாற்காலியில் இருந்த அம்மாளைப் பார்த்தார்.

"லிப்ட் இல்லைம்மா."

"இவ்வளவு பெரிய கட்டடத்துலயா?"

"நூத்தம்பது வருஷக் கட்டடம். முதல்ல தானியக் கிடங்கு, அப்புறம் தபால் ஆபீஸ், அதுக்கப்புறம்தான் நாடகம். நடுவுல இதை இடிச்சுட்டுக் கடை கட்டப் பாத்தாங்க. ஒருத்தங்க பதினோரு வருஷம் கேஸ் நடத்தி, ஒரு செங்கல்லைக்கூட அசைக்கக் கூடாதுன்னு கோர்ட்ல உத்தரவு வாங்கினாங்க. லிப்ட் வைக்கச் சுவரை உடைக்கணுமே!"

"அதுக்கு?"

"நாலு பேரைக் கூப்பிடறேன். நாற்காலியோட தூக்கிடலாம்."

"வேண்டாம்," என்றார் அம்மாள். "நாலு பேர் தூக்கறது ஒரு தடவை போதும்."

நர்ஸுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"செங்கல்லைப் பத்திக் கவலைப்பட்டாரே, படி ஏற முடியாதவங்களை நினைச்சாரா? கேஸ் போட்ட அந்தப் புண்ணியவான் கால் விளங்காமப் போக!"

மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மாள் முழங்காலில் இருந்த போர்வையைச் சரிசெய்தார்.

"வண்டியைத் திருப்பும்மா. கேஸ் போட்டவளுக்குக் கால் விளங்காமப் போயி ஆறு மாசமாச்சு."