வெட்டக் கூடாத காட்சி

திருக்கோவிலூரில் வாடகைக்கு எடுத்திருந்த அறையில், தான் எடுத்த ஆவணப்படத்தை அமிர்தத்திற்குப் போட்டுக் காட்டினாள் எழில்மதி.

இருபத்தைந்து வருடங்களாக ஒரே குடும்பம் போட்டியில்லாமல் ஊராட்சித் தலைவர் பதவியை வைத்திருந்த ஊரில், முதன்முதலாக எதிர்த்து நின்றவள் அமிர்தம். மனு கொடுத்த மறுநாளே அவள் வீட்டுக் குழாயைப் பிடுங்கினார்கள். நடவு வேலைக்கும் யாரும் கூப்பிடவில்லை.

திரையில், வாக்கு எண்ணி முடிந்த கையோடு தலைவரின் ஆட்கள் சிரித்தார்கள். "மொத்தமே ஒரு ஓட்டு! அதுவும் அவளே குத்திக்கினது. புருஷன்கூட நம்மளுக்குத்தான் போட்டானாம்!"

எழில்மதி படத்தை நிறுத்தினாள்.

"இந்த இடத்த எடுத்துடறேன்க்கா. உங்கள இப்படி அசிங்கப்படுத்தறது படத்துல வேணாம்."

"இருக்கட்டும் எழிலு."

"ஊரே மறுபடியும் சிரிக்கும்க்கா."

"சிரிச்சிக்கினே இருக்கட்டும். அத மட்டும் வெட்டிடாத."

"ஏன்க்கா?"

கேமரா அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, அமிர்தம் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அன்னிக்கி எனக்குக் கை நடுங்கிப்போச்சு. ரெண்டு சின்னத்து மேலயும் முத்திரைய வச்சிட்டேன். என்னுது செல்லாத ஓட்டு. எனக்கு விழுந்த அந்த ஒன்னு, வேற யாரோ போட்டது."

எழில்மதி அவளையே பார்த்தாள். "யாருக்கா?"

"தெரியாது. தெரியவும் வேணாம். என்னுது இல்லன்னு தெரிஞ்சா வூடு வூடா தேடுவானுங்க. அடுத்த எலெக்‌ஷன்லயும் நான் நிக்கப்போறேன். போட்டவங்க பயமில்லாம வந்து போடணும் இல்ல?"