உட்கார்ந்த வண்டி

“இது கசிவு இல்லண்ணே. யாரோ வேணும்னே பண்ற வேலை.”

வண்டிக்கு அடியிலிருந்து மெக்கானிக்கின் குரல் மட்டும் வந்தது. வீட்டு ஷெட் வாசலில் நின்ற டிரைவர் குனிந்து பார்த்தார்.

பதினெட்டு வயதான எஸ்யூவி அது. பின்சக்கரங்களுக்கு மேல் சுருள்கம்பிக்குப் பதிலாக இரண்டு காற்றுப் பைகள். பின்பாரம் முழுவதையும் அவைதான் தாங்க வேண்டும். தானாகக் காற்று நிரப்பும் கம்ப்ரசர் என்றைக்கோ மண்டையைப் போட்டுவிட்டது. அதனால் டயருக்கு இருப்பது போல இரண்டு வால்வுகளைப் பம்பருக்குப் பின்னால் பொருத்தி, பம்பு வைத்து அடித்துக்கொள்ள வழி செய்து கொடுத்திருந்தார் மெக்கானிக். இரண்டு வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில்தான் பிடித்தது சனி. எழுந்து வந்து பார்த்தால், அடம்பிடிக்கும் குழந்தை மாதிரி வண்டி பின்பக்கத்தைத் தாழ்த்தி உட்கார்ந்திருந்தது. மெக்கானிக் வந்து குழாய்களை மாற்றினார். புதன்கிழமையும் உட்கார்ந்தது. வால்வுகளை மாற்றினார். இரண்டு நாளும் பள்ளிக்கூட டிரிப் போச்சு. இன்று வியாழக்கிழமை, மறுபடியும் அதே கோலம்.

“காத்தடிச்சு முக்கால் மணி நேரம் ஆச்சு. குழாய், வால்வு, பை, ஒரு இடம் விடாம சோப்புத் தண்ணி பூசிப் பாத்துட்டேன். பேருக்குக்கூட ஒரு குமிழி வரல.” மெக்கானிக் முதுகைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தார். “வால்வுக்குள்ள ஒரு ஊசி இருக்குல்ல, அதை எவனோ அமுக்கிப் பிடிச்சுக் காத்தை இறக்கியிருக்கான்.”

“ரெண்டு பக்கமுமா?”

“ரெண்டு பக்கமும்தான். கொஞ்சம்கூட மிச்சம் வைக்கல. இறக்கிட்டு, மூடியைத் திரும்பத் திருகி வேற வச்சிருக்கான். ரொம்ப ஒழுங்கான ஆளு!”

டிரைவருக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் காலையில் அந்த வண்டியில் ஐந்து குழந்தைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். வழியில் பாலம், பாலத்தில் ஒரு வளைவு, வளைவுக்குக் கீழே ஆறு.

“தம்பி, அந்தப் பாலத்து வளைவுல போறப்ப ஒரு பக்கம் மட்டும் இறங்கிச்சுன்னா?”

“வண்டி சாயும். உள்ள பசங்களும் இருந்தா...” மெக்கானிக் நிறுத்திக்கொண்டார். “காலங்காத்தால அதை எதுக்குண்ணே கேக்கறீங்க?”

அதே வழியில் வேன் ஓட்டும் போட்டிக்காரன்தான் டிரைவரின் ஞாபகத்துக்கு வந்தான். ‘உன் ஓட்டை வண்டியை நிறுத்தற நாள் சீக்கிரம் வரும்’ என்று போன மாதம் பல்லைக் கடித்தவன். திங்கட்கிழமை சாயங்காலம் வண்டியின் இடது கதவில் புதிதாக ஒரு நீளக் கீறல் தெரிந்ததே, அதுவும் அவன் கைவரிசையாகத்தான் இருக்கும். கதவைக் கீறியவன் காற்றை இறக்கினான். நாளைக்கு பிரேக்கில் கை வைக்க மாட்டான் என்பது என்ன நிச்சயம்?

சட்டென்று இடது தோளில் ஒரு கை விழுந்தது. “ஐயோ!” என்று அலறித் துள்ளினார்.

மனைவிதான். கையில் தண்ணீர் டம்ளர். “நான்தாங்க. எவ்வளவு நேரமா பக்கத்துலயே நிக்கறேன்.”

“பயத்துல ஒண்ணும் ஓடல போ” என்றார். டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்.

“இப்போ வண்டி கல்லு மாதிரி நிக்குது. தைரியமா எடுங்க. ஆனா போலீஸ்ல ஒரு வார்த்தை சொல்லி வச்சிடுங்க” என்று சொல்லிவிட்டு மெக்கானிக் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனார்.

மணி ஏழே முக்கால். டிரைவர் குனிந்து இரண்டு வால்வுகளையும் தொட்டுப் பார்த்தார். டயர்களை உதைத்துப் பார்த்தார். உள்ளே ஏறி பிரேக்கை நாலு தடவை மிதித்துப் பார்த்தார். முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்தவர். வண்டியில் ஏற இப்படிப் பயந்தது இதுதான் முதல் தடவை.

சாவியைத் திருப்பக் கை போனது. சாவி இல்லை.

வலது பக்க ஜன்னலோரம் மனைவி நின்றிருந்தாள். சாவி அவள் கைப்பிடிக்குள் இருந்தது.

“குடு. பசங்க காத்துக்கிட்டு நிப்பாங்க. விட்டுட்டு நேரா ஸ்டேஷனுக்குப் போறேன். அவனை உள்ள தள்ளாம விடமாட்டேன்.”

“ஸ்டேஷனுக்கெல்லாம் போக வேணாங்க.” அவள் சாவியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். “அந்த ஊசியை அமுக்கினது நான்தான். மூணு நாளும்.”

டிரைவர் ஸ்டியரிங்கில் ஓங்கி அடித்தார்.

“உனக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு? கூடவே இருந்து குழி பறிக்கறியே! இதுல அஞ்சு குழந்தைங்க போகுதுடி. அதுங்க உயிருக்கு ஒண்ணு ஆச்சுன்னா?”

“அந்தப் பயம்தாங்க எனக்கும். திங்கட்கிழமை நல்லவேளை, பசங்களை விட்டுட்டுத் திரும்பி வந்துட்டிருந்தீங்க. வண்டியில யாரும் இல்ல.”

“திங்கட்கிழமை என்ன?”

அவள் சட்டையின் முழுக்கையை மெல்ல மேலே சுருட்டினாள். முழங்கையிலிருந்து தோள் வரைக்கும் கன்றிக் கறுத்துப் போயிருந்தது.

“தெருமுனையில உங்க இடது பக்கம் நின்ன என்னைத்தாங்க இடிச்சுட்டு நிக்காமப் போனீங்க. அந்தப் பக்கம் உங்களுக்குக் கண்ணே தெரியறதில்ல.”