மூன்று மணி வருகை

அழைப்பு மணி அலறியது. தணிகாசலம் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். இணைய இணைப்பைச் சரிபார்க்கும் ஜெரால்டு நின்றிருந்தான்.

மகன் கோபித்துக்கொண்டு போய் இரண்டு வருடம். போன் எண்ணையும் மாற்றிவிட்டான். அவன் படங்களையும் "வீட்டுக்கு வந்துவிடு" என்ற ஒரு வரியையும் வைத்து, அவன் பெயரிலேயே ஓர் இணையதளம் அமைத்திருந்தார் தணிகாசலம். அவன் விட்டுப்போன கம்ப்யூட்டர்தான் தளத்தை இயக்கும் சர்வர். தினமும் மதியம் மூன்று மணிக்கு ஒரே ஒருவர் தளத்தைப் பார்ப்பதாக அது காட்டும். அவன்தான் என்று நம்பினார். தன் ஊரில் தளம் திறக்கவில்லை என்று நேற்று தங்கை சொன்னதும் பயந்துபோனார்.

ஜெரால்டு வீட்டு வைஃபையில் திறந்தான். படங்கள் வந்தன. தன் செல்போன் டேட்டாவில் திறந்தான். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"தெரு முழுக்க ஒரே இன்டர்நெட் அட்ரஸைத்தான் கம்பெனியில பங்கு போட்டுக் குடுத்திருக்காங்க சார். வெளியிலேர்ந்து தேடினா உங்க வீடு கிடைக்காது. இது ஒருநாளும் வெளியே திறந்திருக்காது."

"அப்போ மூணு மணிக்கு வர்றது யாருப்பா?"

ஜெரால்டு கம்ப்யூட்டரில் வருகைப் பதிவைத் திறந்து பார்த்தான். "இந்த வீட்டு வைஃபையில இருக்கற ஒரு செல்போன்தான் சார்."

சமையலறை வாசலில் மனைவி பரிமளம் ஈரக்கையோடு நின்றாள்.

"அவன் படத்தைப் பாக்கத்தாங்க என் போன்ல திறந்தேன். ஒருத்தர் வந்ததா அது காட்டினதைப் பாத்து, அவன்தான்னு நம்பி நீங்க மறுபடி சாப்பிட ஆரம்பிச்சீங்க, அப்புறம் எப்படி நிறுத்தறது?"